வலைக்கண்

ஐம்பத்து நாலாம் ஆண்டு
சோளகம் கொஞ்சம் முந்தியே எழும்பிவிட்டது.
கிழக்குக் கோலடியில் நின்றவனுக்கு வாயெல்லாம் மண்.
நின்றவன் நான்.

முதல் ஆட்டத்துக்குப் போயிலை லொறியில் போனோம்.
பதினொரு பேரும் தும்மிக்கொண்டே இறங்கி
தும்மிக்கொண்டே ஆடி
ஒன்றுக்கு ஒன்று.
கணக்கு மாஸ்ரர் அம்பிகைபாகன்
ஈர்க்கால் மண்ணில் முக்கோணம் கீறினார்:
"செம்பக்கத்தாலை போங்கோடா,
ரெண்டு பக்கத்தையும் ஏன் ஓடித் தொலைக்கிறியள்?"
அடுத்ததில் வேதநாயகம் செம்பக்கத்தால் போய்
மூன்று போட்டான், மூன்றும் இடக் காலால்.
மூன்றாவதோடு பெருவிரல் நகமும் போனது.

நகம் முளைக்க முன்னம் தந்தி வந்தது.
கிளறிக்கல் சோதனை பாஸ்.
தகப்பன் ஒரு கூடை கறுத்தக்கொழும்பானும் கட்டி
இரவு மெயிலில் ஏற்றிவிட்டார்.
போனவன் கோடு போட்ட ஜேர்சியையும்
பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த இடத்துக்கு ஜுனைதீன் வந்தான்,
வெள்ளைப் பெனியனை உடுப்பு நீலத்தில் தோய்த்துப் போட்டுக்கொண்டு.
இடைவேளைக்குள் நீலம் முழுக்க வியர்வையில் இறங்கி
காற்சட்டைக்குப் போய்விட்டது.
இவன் எந்தப் பக்கம் என்று
எதிரணி றெவ்றியிடம் முறையிட,
அவன் போய் இரண்டு போட்டுக் காட்டினான்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில்.
வந்தவர்களில் ஒன்பது பேருக்குச் சப்பாத்து.
எங்களில் இரண்டு பேருக்கு, அதில் ஒன்று இரவல்.

குருநகர்ச் சவிரிமுத்து, இடது விங்,
காலையிலேயே வலையைப் பார்த்துவிட்டான்.
இடக் கம்பத்தடியில், முழங்கால் உயரத்தில்
நாலைந்து கண் அறுந்து ஒரே கண்ணாய் விழித்துக்கொண்டிருந்தது.
"நூல் கொண்டு வாறன். ரெண்டு நிமிசம்."
நான் கப்டன். நான் கோலி.
"பந்து உள்ளுக்கு வந்தாலெல்லோ ஓட்டை தெரியும்" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

ஒன்றுக்குச் சைபர், நாங்கள் முன்னுக்கு.
ஐந்து நிமிடம் இருக்க
அவர்களில் ஒரு நெட்டையன், பெயர் தெரியாது,
அடித்த அடி
என் விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு போனது.
கம்பத்துக்கு உள்ளால்.
வலை அசையவில்லை.
பந்து பின்னால் பூவரச வேலியில் முட்டி நின்றது.

உள்ளோ வெளியோ என்று மைதானம் முழுக்கக் கத்தியது.
றெவ்றி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்,
துடைத்தார், போட்டார்,
என்னைப் பார்த்தார்.
நான் பந்தை எடுத்து வந்து
ஆறு யார் கோட்டில் வைத்து உதைத்தேன்.
சோளகத்துக்கு எதிரே அவ்வளவு தூரம்
அதற்கு முன்னும் நான் அடித்ததில்லை,
பின்னும் இல்லை.

கிண்ணம். சோடா. அதிபர் திங்கட்கிழமை விடுதலை விட்டார்.
சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பெரியகடைப் பக்கம் போயின.

மறந்த தொப்பியை எடுக்கப் பொழுதுபட வந்தேன்.
கோலடியில் குந்தியிருந்து
சவிரிமுத்து வலை பொத்திக்கொண்டிருந்தான்.
தலை நிமிரவில்லை.
"இதைக் கொஞ்சம் இழுத்துப் பிடி" என்றான்.
பிடித்தேன்.
ஊசி போய் வந்தது, போய் வந்தது,
இருட்டிப்போய், அவன் விரலும் தெரியவில்லை,
ஊசி மட்டும் வழி தெரிந்து போய் வந்தது.
பல்லால் நூலைக் கடித்தான்.
"சரி" என்றான். எதைச் சொன்னான் என்று கேட்கவில்லை.

ஆண்டு மலருக்கு அறிக்கை எழுதியதும் நான்தான்.
ஆடியது ஏழு, வென்றது ஆறு, சமம் ஒன்று.
வாங்கிய கோல் மூன்று என்று எழுதி,
அதை வெட்டி நாலு என்று எழுதி,
தாளைக் கிழித்துப்போட்டு
வேறு தாளில் வடிவாக மூன்று என்று எழுதினேன்.

அடுத்த வருடமும் அதே வலை.
மற்றக் கண்கள் வெளிறிய சணல்,
அந்த இடம் மட்டும் கடல் நூல், கறுப்பு,
முடிச்சும் வேறு.
பந்து அந்தப் பக்கம் இருக்கும்போதெல்லாம்
திரும்பித் திரும்பி அதைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டு நின்றே
இரண்டு கோல் விட்டேன்.