ஏழாம் பேழை

கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
ஏழாம் பேழைக்குள்
பானை ஒரு நூல் நகர்கிறது.
எண்ணூறு வருஷம் மண்ணுக்குள் அசையாமல் கிடந்தது
தண்டையார்பேட்டைக்கு வந்துதான் நடை பழகியது.

காலையில் பூட்டைத் திறந்து
பழைய இடத்துக்கே தள்ளி வைப்பேன்.
பதிவேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
தேதி, பெரியவர், சிறுவர்.
நேற்று மூவர்;
இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

மாடியில் எண்ணெய் ஓவியம், பழைய கடற்கரை.
கப்பலுக்குப் பாய் பன்னிரண்டு
வெள்ளைக்காரிக்குக் குடை
அலைக்குள் அவளைத் தூக்கி வருகிறவனுக்கு
பழுப்பில் மூன்றே தீற்றல்.
முகம் இல்லை.
காசிமேட்டு தேசப்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு
"கால் ஊனிக்கினு கீறான் பாரு
அது கரெக்ட்டு" என்றான்.

வாசலோரம் சாத்தியிருக்கிறது கல்வெட்டு.
விளக்கெரிக்கத் தொண்ணூறு ஆடு விட்டவன்
கடைசி வரியில் சொல்கிறான்:
இந்தத் தருமம் காத்தவன் பாதம்
என் தலைமேல்.

டியூப்லைட் போய் ஒரு மாதம்.
எனக்குச் சம்பளம் வந்து இரண்டு.
ஆனாலும் அந்தக் கல்லைத் துடைக்கும்போது மட்டும்
செருப்பைக் கழற்றிவிடுகிறேன்,
எந்த இடம் தலையென்று
தெரியாததால்.

லாரிச் சத்தம்.
இரு, வருகிறேன்.