மூணுக்கு ரெண்டு

அஞ்சு பேரில் மூணு பேர் எனக்கு எழுதினார்கள்.
ஒருத்தர் பென்சிலை நக்கி நக்கி எழுதுகிறவர்.
ஒருத்தர் கடைசி ரவுண்டு முழுக்க
முறுக்குப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
இன்னொருத்தர் எங்கள் கிளப் செயலாளருக்குச் சம்பந்தி.

பாளையங்கோட்டை. சித்திரை மாசம்.
பலகைக்கு அடியில் எட்டு எண்ணெய் டிரம்,
மேலே தார்ப்பாய்.
கால் மாற்றும்போதெல்லாம்
தரை ஒரு காலி வயிறு மாதிரி உறுமும்.

எதிரே உச்சிமாகாளி, பேட்டைக்காரன்.
நயினார்குளம் மார்க்கெட்டில்
விடியுமுன் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தான்.
தோளில் வாழைக்கறை.
ஓசி கிளவுஸ். தையல் விட்டு
பஞ்சு எட்டிப் பார்த்தது.

முதல் ரவுண்டு என்னுடையது. சொல்லிவிடுகிறேன்,
இதையாவது யாரும் பிடுங்க வேண்டாம்.
இடது கையை நீட்டி நீட்டி அவன் மூக்கில் ரத்தம் பார்த்தேன்.
ரெண்டாவதில் அவன் என்னைப் படிக்க ஆரம்பித்தான்.
மூணாவதில் படித்து முடித்தான்.

வந்ததை நான் பார்க்கவில்லை.
இடது காதுக்குள் குக்கர் விசில்.
நான் கயிற்றிடம் போகவில்லை,
கயிறுதான் வந்து முதுகில் இடித்தது.
ரெஃப்ரி எட்டு வரைக்கும் எண்ணினாராம்.
எனக்கு ஆறிலிருந்துதான் கேட்டது.

பிறகு மைக்கில்:
"நீல மூலை, ஜெபசிங்!"
கையைத் தூக்கிப் பிடித்தார்கள்.
யாருடைய கை என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.
"ஏல, கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு?"
கூட்டத்தில் ஒரு குரல்.
அவன் ஆள் இல்லை. என் சித்தப்பா.

உச்சிமாகாளி ஒன்றும் சொல்லவில்லை.
பஞ்சை விரலால் உள்ளே திணித்து
கிளவுஸைத் திருப்பிக் கொடுத்தான்.

தூத்துக்குடியிலும் மூணுக்கு ரெண்டு.
விருதுநகரில் கரண்ட் போய்
வந்தபோது தாளில் எண் மாறியிருந்தது என்றார்கள்.
அதற்கப்புறம்தான் அவனுக்கு அந்தப் பழக்கம்:
கடைசி மணி வரைக்கும் எதிராளியை நிற்கவிடுவதில்லை.
எண்ணுகிற வேலை ரெஃப்ரிக்கு மட்டும்,
பத்து வரைக்கும்.
பென்சில்கள் சீவினபடி மேசையில் கிடந்தன.

என் கதை சுருக்கம்.
அந்தச் சான்றிதழில் ஸ்போர்ட்ஸ் கோட்டா,
அந்தக் கோட்டாவில் போலீஸ் வேலை.
மெடிக்கலில் டாக்டர் வலப்பக்கம் நின்று
கிசுகிசுத்தார், கேட்டது.
இடப்பக்கம் போனார்.
எதிரே கண்ணாடி அலமாரி, அதில் அவர் வாய்.
படித்துச் சொன்னேன்.

கல்யாணம், சொசைட்டிக் கடன், குவார்ட்டர்ஸ்
எல்லாம் அந்த மூணுக்கு ரெண்டில்தான் நிற்கிறது.
ஐப்பசியில் சுவரில் ஓதம் ஏறும்.

போன மாசம் ஜங்ஷனில் அவனுக்கு வரவேற்பு.
ஈரடுக்குப் பாலத்து முனையில் எனக்கு பந்தோபஸ்து.
கயிறு பிடிக்கிற வேலை. மறுபடியும் கயிறு.
மேளம், திறந்த ஜீப், காலடியெல்லாம் வெடிக் காகிதம்.
நெரிசலில் ஜீப் என் பக்கத்தில் நின்றது.

அவன் குனிந்தான்.
மூக்கு இப்போது நேராக இல்லை,
நான் செய்ததா, வேறு யாருமா, தெரியாது.
என் இடப்பக்கமாக வந்து
ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

ஆறேழு வார்த்தை இருக்கும்.
மாலை மறைத்து வாயும் தெரியவில்லை.
தலையை ஆட்டினேன்.
எதற்கு ஆட்டினேன் என்று
சட்டையைக் கழற்றும்போதெல்லாம் யோசிக்கிறேன்.
"இன்னும் வச்சிருக்கியாடே?" என்று இருக்கலாம்.
"காது எப்படி?" என்றும் இருக்கலாம்.

ஜீப் டவுன் பக்கம் போய்விட்டது.
"கயிற விடும்யா, கூட்டம் போயிட்டுல்லா"
என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

அது வலப்பக்கம். கேட்டது.