மூன்று மீட்டர்

விடிகாலை நாலு மணி.
பெயர்ப்பலகை தெரிந்ததும் தகட்டைத் தூக்குகிறேன்.
என் பக்கத்துப் பலகையில் அந்த ஊர் பெர்கென்.
பத்தடி தள்ளி அதே ஊர் மோன்ஸ்.
பனிக்கும் இங்கே இரண்டு பெயர்.
விழுவது என்னவோ ஒரே பனி.

எதிரே கிஸ்லேனின் வண்டி.
அவனும் தகட்டைத் தூக்குகிறான்.
என் பிராந்தியம் முடிந்தது, அவனுடையதும்.
நடுவில் மூன்று மீட்டர்
இரண்டு தகடும் தொடாமல்
முழங்கால் உயரம் கிடக்கிறது.

தேர்தல் முடிந்து ஆறு மாதம்.
பிரஸ்ஸல்ஸில் இன்னும் அரசு அமையவில்லை.
பழைய மந்திரிகள் பழைய நாற்காலிகளில்,
வீட்டை விற்றபின்னும் சாவி தராதவர்கள் போல.
நடப்பு வேலைக்கு மட்டும் கையெழுத்து.
நாடாளுமன்றம் கூடுகிறது.
நீதிபதி தீர்ப்பெழுதுகிறார்.
லுட்கார்டின் அலுவலகத்தில்
போன வருட பட்ஜெட்டைப் பன்னிரண்டாக நறுக்கி
மாதம் ஒரு துண்டு செலவழிக்கிறார்கள்.
"கேக்கா அது?" என்றேன்.
"கேக் என்றால்
கடைசித் துண்டுக்காவது யாராவது சண்டை போடுவார்கள்"
என்றாள் என் மனைவி.

என் உப்பு அந்தக் கணக்கில் வராது.
சாலை பிராந்தியத்தினுடையது.
பிராந்தியத்துக்கு அரசு இருக்கிறது,
மந்திரி இருக்கிறார்,
உப்புதான் இல்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
உருகும்வரை நினைத்தால் போதும் எனக்கு.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.
இங்கே இரண்டுபட்டு எத்தனையோ காலம்.
கூத்தாடியே சலித்துப்போய்
வீட்டுக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு ஒரு ரொட்டி வண்டி
சரியாக அந்த மூன்று மீட்டரில் சிக்கிக்கொண்டது.
முன்சக்கரம் அவன் மொழியில்,
பின்சக்கரம் என் மொழியில்.
ஓட்டிவந்த பெண் இறங்கி
எங்கள் இருவரையும் திட்டினாள்,
நியாயமாக, இரண்டு மொழியிலும்.

தகட்டை இறக்கினால்
கோட்டுக்கு அப்பால் காப்பீடு கிடையாது.
அது அவனுக்கும் தெரியும்.
அரசு அமையும்வரை சவரம் இல்லை என்று
கிஸ்லேன் வளர்த்த தாடியில்
உறைபனி தொங்கியது.

"கோட்ஃப்ருவா," என்றான்.
என் பெயர் கோட்ஃப்ரீட்.
"மண்வெட்டி இருக்கிறதா?"

இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்தது.
பிராந்தியத்தின் முத்திரை இல்லாதது.
அவனிடமும் ஒன்று, பிடி விரிசல் விட்டது.

வெட்டினோம்.
அள்ளிய பனியை அவன் என் பக்கம் எறிந்தான்.
நான் அவன் பக்கம்.
கொஞ்ச நேரம் இது இருவருக்கும் தெரியவில்லை.
தெரிந்தபின்னும் நிறுத்தவில்லை.
ஆறு மாதமாகப் பெரியவர்கள்
கோட்டும் டையும் போட்டு
இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.
எங்களிடம் ஒரே வித்தியாசம்,
எறிய எறிய பனி குறைந்தது.

ரொட்டி வண்டி நகர்ந்தது.
அந்தப் பெண் ஆளுக்கொரு ரொட்டி தந்தாள்,
சூடு ஆறிப்போனது, ஒரே அளவு.
அளந்து பார்த்தேன், பொய் சொல்லவில்லை.

வண்டிக்குள் வானொலி சொன்னது:
சமரசப் பேச்சாளர் ராஜினாமா,
இன்னொருவர் நியமிக்கப்படுவார்.

பதிவேட்டில் எழுதினேன்:
அகற்றிய தூரம், பதினான்கு கிலோமீட்டர்.
அந்த மூன்று மீட்டரை எழுத
எந்தக் கட்டமும் இல்லை.
கிஸ்லேனின் பதிவேட்டிலும் இருந்திருக்காது.

நிமிர்ந்து பார்த்தால்
கண்ணாடியில் மறுபடி விழ ஆரம்பித்திருந்தது.
மண்வெட்டியை இருக்கைக்குப் பின்னால் வைக்கவில்லை.
பக்கத்திலேயே சாய்த்துவைத்தேன்.