நாலு நிரல்

மாரி பிடித்த மூன்றாம் நாள்.
கிளிநொச்சி நீர்ப்பாசன அலுவலகத்தில்
நெற் படுத்துவிட்டது.
"மிஸ், மெயில் ஒண்டும் போகுதில்லை"
மேல்மாடி முழுக்க ஒரே கூச்சல்.
கறுப்புத் திரையைத் திறந்து
ஷோ ஐபி நட் ட்ரான்ஸ்லேஷன்ஸ் என்று அடிக்கிறேன்.

வரிகள் கொட்டுகின்றன.
ஸ்பேஸை அமத்த அமத்த
இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு என்கிறது.
நாலு நிரல்:
எங்கள் பக்கத்துக்கு உள் முகவரி, வெளி முகவரி,
எதிர்ப்பக்கத்துக்கும் அப்படி இரண்டு.
நாற்பத்திமூன்று மெஷின், ஆறு பேரின் சொந்த ஃபோன்,
காவலாளி ஒளித்துப் பார்க்கிற கிரிக்கெட்,
எல்லாம் படலை தாண்டினால் ஒரே இலக்கம்.
திரும்பி வருவது யாருடையது என்று
இந்த அட்டவணைக்கு மட்டும் தெரியும்.

செட்டிகுளத்தில் எங்கள் கூடாரத்துக்கும் ஓர் இலக்கம்தான்.
இரண்டு குடும்பம், பதினொரு பேர்.
கடிதம் வந்தால் பெயரைக் கத்திக் கூப்பிடுவார்கள்.

பெயர் விசாரிக்கிற வரி ஒரு நிமிடத்தில் அழியும்.
சொல்லாமல் போனதற்கு
இருபத்துநாலு மணித்தியாலம் இடம் பிடித்து வைத்திருக்கும்.
அவைதான் நிரம்பிக் கிடந்தன.
கிளியர் அடித்து முடிவில் ஒரு நட்சத்திரம் போட்டேன்.
கூச்சல் நின்றது.

திரும்பப் பார்த்தால் ஒரு வரி சாகவில்லை.
கையால் எழுதிய நிலை வரி.
வெளியே 8081, உள்ளே 192.168.7.23.
எனக்கு முன்னிருந்த கௌரிதாசன் போட்டிருக்க வேண்டும்.
அவர் இப்போது ஹமில்ரனில் பாண் லொறி ஓட்டுகிறார்.
குறிப்பு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை.

லொக்கைக் கிளறினேன்.
பின்னேரம் ஆறு மணிக்கு
கொழும்பு முகவரி ஒன்றிலிருந்து யாரோ வந்து
அரை நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.
நேற்றும். முந்தநாளும். போன மாதம் முழுக்க.
எங்கள் மேல் கொழும்பில் யாருக்கு
இத்தனை அக்கறை?

நோ என்று தொடங்கி
அந்த வரியை எழுத்துப் பிசகாமல் அடித்தேன்.
அழிப்பதென்றாலும்
முழுவதையும் ஒருமுறை சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆறு பத்துக்கு ஃபோன்.
"பிள்ளை, செபமாலை பேசிறன்,
மூண்டாம் வாய்க்கால் கமக்காரர் அமைப்பு.
துருசடிக் கமரா வேலை செய்யேல்லை.
எத்தினை அடி எண்டு பாக்காமல்
நான் எப்பிடிப் படுக்கிறது?"

வட்டக்கச்சியில் இருக்கிறார்.
மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம்.
அவருடைய ஃபோன் கொம்பனியும்
கொழும்பில் எங்கோ
ஆயிரம் பேரை ஓர் இலக்கத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறது.

வரியைத் திரும்ப எழுதினேன்.
"பாஸ்வேர்ட் ஒண்டு போடோணும் அண்ணை.
மகளின்ர பேர் வேண்டாம்."
"அப்ப மாட்டின்ர பேர்?"
கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.
"முப்பத்திரண்டு. வான் கதவு திறக்க
இன்னும் ஒண்டரை அடி கிடக்கு" என்றார்.
வைத்துவிட்டார்.

குறிப்பு: செபமாலை. தண்ணி பாக்க.
ரைட் மெமரி.
இனிக் கரண்ட் போனாலும் இருக்கும்.