வெறும் எடை

பழத்தோடு ஏறும்போது லாரிக்கு ஒரு எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று.
நடுவில் இருப்பதற்குத்தான் கம்பெனி காசு கொடுக்கும்.
பதினாறு வருடம்
செம்பனை ஆலை எடைமேடையில் எனக்கு வேலை
காலி லாரியை நம்பாமலிருப்பது.

அதனால்
பகாவ் பெரிய சாலையில், சியூ மேடம் பீங்கான் கடையில்
எந்தக் கோப்பையின் பூவையும் பார்க்கவில்லை.
தூக்கித் தூக்கி வைத்தேன்.

மெஷின் வந்து மூன்று வாரம். போனஸ் காசு.
தம்பி தவநேசன் தலையில் அடித்துக்கொண்டான்:
"ரெண்டு வெள்ளிக்குப் பையில் கட்டிக் கொடுப்பான்,
மோட்டார் கைப்பிடியில் மாட்டிக்கிட்டு வர்றதை விட்டுட்டு..."
சூடும் சீனியும் இருந்தால் போதும் அவனுக்கு.
ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிறவனிடம்
விளிம்பைப் பற்றி என்ன பேச.

முதல் எஸ்பிரசோவை
'பாதுகாப்பே முதல்' என்று மலாயில் அச்சடித்த
ஆலை மங்கில்தான் பிடித்தேன்.
கோடைக்கிணற்றுத் தண்ணீர் மாதிரி
எங்கோ அடியில் கிடந்தது ஒரு மடக்கு.
வாய்க்கு எட்டுவதற்குள் ஆறிப்போய்,
மேலே படிந்த பொன்நுரையில் பாதி
மங்கின் சுவருக்கே போய்விட்டது.

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தேன்.
"இங்கே கோப்பி குடிக்கக் கூடாது" என்றாள் சியூ மேடம்.
வெறும் வெந்நீர் என்றேன்.
அது இன்னும் மோசமாகப் பட்டிருக்க வேண்டும்,
கால்குலேட்டரை நகர்த்தி வைத்துவிட்டு
என்னையே பார்த்தாள்.

கண்ணாடி மேசைமேல் மூன்று சின்னக் கோப்பைகள்,
மூன்றிலும் வெந்நீர்.
தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது.
நானும் அவளும் சுவர்க் கடிகாரமும்.

தங்க விளிம்பு வைத்தது முதலில் கைவிட்டது.
முட்டையோடு மாதிரி இருந்த அடுத்ததில்
என் விரல் நிழல் உள்ளே தெரிந்தது.
அவ்வளவு அழகு, அவ்வளவு சில்லிப்பு.
மூன்றாவது,
வெளியே ஈரமண் நிறம், உள்ளே வெள்ளை,
அடி உருண்டு, சுவர் தடித்து,
கிள்ளிப் பிடிக்க மட்டும் ஒரு காது.
பத்தாவது நிமிஷம் அவளே தொட்டுப் பார்த்தாள்.
"பானாஸ் லாகி" என்றாள், தனக்குத்தானே.

சிரம்பானில் ஒரு ஹோட்டல் கேட்டு வரவழைத்ததாம்.
பெட்டி வந்தது, ஹோட்டல் மூடிவிட்டது.
அதன் பெரிய ஜோடியும் பின்னால் இருந்தது:
நூற்றெழுபது மில்லி, அகல வாய்,
பால் விழுந்து புரண்டு எழ இடம்.
விரல் நுழைத்துப் பிடித்தேன்,
முட்டி சுவரில் சுடவில்லை.

"ஆறு ஆறாகத்தான். பிரிக்க மாட்டேன்."
"நான் ஒருத்திதான்."
"யாராவது வருவார்கள்."
"வந்தால் மங்கில் குடிக்கட்டும்."

சிரிக்கவில்லை அவள்.
பழைய செய்தித்தாளை விரித்து
சின்னது ஒன்று, பெரியது ஒன்று,
சாசர்களை ஒன்றோடொன்று உரசாமல் சுற்றினாள்.
இருபத்திரண்டு வெள்ளி. பேரம் பேசவில்லை நான்.
குடையை விரிக்கும்போது திரும்பிப் பார்த்தேன்:
மிச்சமிருந்த ஐந்தில் ஒன்றை எடுத்து, ஊதி,
சட்டை நுனியால் துடைத்து,
தன் தகரக்குவளைக் கோப்பியை
அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆறேமுக்கால்.
லாரி எதுவும் வரவில்லை, ஹஸ்லினாவும் வரவில்லை.
அறுபது டன் தாங்கும் எடைமேடையின் நட்டநடுவில்
சின்னக் கோப்பையை வைத்துவிட்டு
அறைக்கு ஓடி வந்து பார்த்தேன்.
பூஜ்யம்.
சீட்டு அடித்தேன்.
தேதி, நேரம், வண்டி எண் காலி.

சமையலறையில்
சாசருக்கு அடியில் இருக்கிறது அது.
வட்டமாக ஒரு கோப்பிக் கறை வேறு
விழுந்துவிட்டது அதன் மேல்.