நடு ஆற்றில் வீடு

மஞ்சக்குப்பம், திங்கட்கிழமை, பத்தே கால்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் பெண் போலீஸ்
என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.
மண்ணெண்ணெய் இல்லை.
பார்லித் தண்ணீர், பிள்ளைக்குச் சூடு பிடித்திருக்கிறது.

புங்க மரத்தடியில் மனு எழுதும் தெய்வசிகாமணி
எண்பது ரூபாய் கேட்டார்.
நான் சொல்லச் சொல்லப்
பாதியை எழுதினார், பாதியைக் கையால் தள்ளினார்:
“இதெல்லாம் மனுவுல வராதும்மா.”
தள்ளியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஐயா,
கல்வி உரிமைச் சட்டத்தில்
என் மகள் தன்ஷிகாவுக்கு எல்.கே.ஜி. இடம் கேட்டேன்.
‘தூரம்: ஒரு கிலோமீட்டர் எழுபது மீட்டர்.
நிராகரிக்கப்பட்டது’ என்று செல்லில் வந்தது.
அந்தப் பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீட்டில் கேட்கும்.
பதினோரு மணி இன்டர்வெல் அடித்தால்தான் உலை வைக்கிறேன்.
காலை பிரேயருக்கு அவர்கள் பாடத் தொடங்கினால்
இவள் பல்பொடியோடு விறைத்து நிற்பாள்,
எச்சில் முழங்கையில் வழியும்.

அளந்தும் பார்த்தேன்.
என் நடையில் எண்ணூற்றுப் பதினொன்று.
அவள் நடையில் கணக்கு வரவில்லை,
நடுவில் ஒரு நாய்க்குட்டி வந்துவிட்டது.

பிரவுசிங் சென்டரில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.
விண்ணப்பம் போட்ட பையன்
ஊசியைத் தள்ளிக் குத்தியிருக்கிறான்,
கெடிலத்தின் நடுவில்.
மிளகாய்ப் பழம் அளவு, சிவப்பாய்.
அரசாங்கக் கணக்கில் அதுதான் என் வீடு.
சுற்றிலும் நீலம்.
வாசல் எந்தப் பக்கம் என்று அவனைக் கேட்டேன்.
சிரிக்கவில்லை. பாவம்,
அன்றைக்கு மட்டும் நூறு விண்ணப்பம் போட்டிருப்பான்.

ஐயா, அது முழுப் பொய்யும் இல்லை.
அந்தப் பெருமழை வருடம்
இந்த ஆறு எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கியது.
பீரோவின் மேல் நானும்
கல்யாணத்துக்குக் கொடுத்த கிரைண்டரும் உட்கார்ந்திருந்தோம்.
வடிந்ததும் நிவாரணத்துக்கு எழுதிப் போட்டேன்.
‘மனுதாரரின் வீடு ஆற்றங்கரையில் இல்லை’ என்று பதில் வந்தது.
அதையும் வைத்திருக்கிறேன், இணைப்பு இரண்டு.

ஆறு வந்தபோது ஆற்றங்கரையிலேயே இல்லை நான்.
பள்ளிக்கூடம் கேட்டால் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறேன்.
இரண்டில் ஒன்றை நீங்களே முடிவு செய்யுங்கள்,
அங்கே குடிபோய்விடுகிறேன்.

இந்த இடத்தில்தான் தெய்வசிகாமணி பேனாவை மூடினார்.
கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார்.
பிறகு திறந்து,
‘இருப்பிடக் குறியீட்டில் ஏற்பட்ட பிழையைச் சரிசெய்து
தாங்கள் கருணை கூர்ந்து’ என்று முடித்தார்.
முத்து முத்தான கையெழுத்து.
இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்,
காரணம் சொல்லவில்லை.

வரிசையில் எனக்கு முன்னால் பட்டா கேட்டு ஒருவர்,
மூன்று சக்கர வண்டி கேட்டு ஒருவர்.
தன்ஷிகா நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பதினாலுக்கு அப்புறம் அவளுக்குப் பதினாறுதான்.
நான் திருத்தவில்லை.
திருத்துவது யார் வேலையோ
அவர்களிடம்தான் இடம் கேட்டு வந்திருக்கிறேன்.

அதிகாரி படித்தார். முத்திரை குத்தினார்.
நல்ல வேளை, அது காகிதத்துக்குள்ளேயே விழுந்தது.
“நேர்ல பார்க்க ஆள் வருவாங்க. வீட்டுல இருங்க.”
எந்த வீட்டில் என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.

திரும்பும்போது பஸ் அண்ணா பாலத்து நெரிசலில் நின்றது.
கீழே கத்திரி வெயிலில் கெடிலம்.
மணல், ஆகாயத்தாமரை, கீற்றாய்க் கொஞ்சம் தண்ணீர்.
திரையில் பார்த்த அதே இடத்தில்
ஒற்றைக் காலில் ஒரு கொக்கு,
விசாரிக்க வந்து
வீட்டில் ஆள் இல்லாததுபோல்.