பன்னிரண்டு நாள்

மூன்றாம் மாடிச் சமையலறைக்கு
மூன்று துறைகள் பங்காளிகள்.
வரலாறு, நீரியல், அப்புறம் நாங்கள்:
எங்கள் துறையின் பெயர் நீளம்,
சாலிடர் வாடை என்றால் எல்லோருக்கும் தெரியும்.
மைக்ரோவேவ் கதவில் ஒட்டியிருக்கிறது ஒரு தாள்:
"ஆய்வேடு முடியும்வரை இதில் மீன் சூடாக்காதீர்."
யாருடைய ஆய்வேடு என்று எழுதவில்லை.

தார்த்துவில் டிசம்பர்.
மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள்
இருட்டிவிடுகிறது.

ஆற்றில் நான் இறக்கிய மிதவை
ஒன்பது நாள் பேசியது.
பத்தாம் நாளிலிருந்து
சுழியம், சுழியம், சுழியம்.
பனி நசுக்கியதோ,
துளையிட்டுத் தூண்டில் போடுகிறவர் யாராவது
வீட்டுக்கு எடுத்துப் போனாரோ.
நாலாயிரம் யூரோ.
என் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் ஒன்றும் சொல்லாதது
ஒரு வாரம் நீடித்தது.

அந்த வாரத்தில்தான் தைவோ
மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்துக்கொண்டு
தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.
ஆற்றின் பனி உடைந்த தேதி,
ஆண்டுக்கொரு புள்ளி, நூற்றைம்பது ஆண்டுகள்.
எல்லாம் கோட்டோடு சமர்த்தாக இறங்கி வர
ஒரு கொத்து மட்டும் மேலே தள்ளி நிற்கிறது,
பந்தியில் உட்கார மறுத்த சம்பந்தி வீட்டார் மாதிரி.
"ஒரே ஊர்ப் பாதிரியார் எழுதியவை.
குடித்திருப்பார். நீக்கிவிடுகிறேன்."

தேநீர்ப் பையைப் பிழிந்துகொண்டிருந்த பிரெத்
திரும்பாமலே கேட்டாள்:
"எந்தப் பாதிரியார்?"

ரைன்டால்.
இரண்டு வருடமாக அவள் வாசிக்கிற ஆள்.
கொக்கி கொக்கியான ஜெர்மன் கையெழுத்து,
மை உறைந்தால் பென்சில்.
டிசம்பர் இருபத்தைந்தில் எழுதுகிறார்:
"லூபெக்கில் அம்மா இன்று மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பாள்.
இங்கே என் சபைக்கு இன்னும் பதின்மூன்றுதான் ஆகிறது."

தைவோவுக்குப் புரிய நேரம் பிடித்தது.
எனக்கு அவனைவிடச் சற்று அதிகம்.
பழைய நாட்காட்டி என்று நினைத்து
பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியவர்
எல்லாத் தேதிக்கும் பன்னிரண்டு கூட்டியிருக்கிறார்.
ரைன்டாலோ
சபைக்கு ஒரு நாட்காட்டி வைத்துக்கொண்டு
தன் ஜன்னலுக்கு மட்டும்
புதியதை வைத்திருந்திருக்கிறார்.

பன்னிரண்டைக் கழித்தான்.
புள்ளிகள் இறங்கி
கோட்டோரம் வந்து உட்கார்ந்தன.
யாரும் கைதட்டவில்லை. ஆனால் தைவோ
என் ரொட்டியைத் தின்றுவிட்டான், தெரியாமல்.

ஒன்று மட்டும் இறங்கவில்லை.
"எழுபத்தொன்று. இன்னும் பத்து நாள் தள்ளி இருக்கிறது.
இதற்கும் ஏதாவது நாட்காட்டி இருக்கிறதா?"
பிரெத் போய்ப் படியெடுத்த தாள்களோடு வந்தாள்.
நான்கு பக்கம் வெறுமை. பிறகு ஒரு வரி:
"பனி போயிருக்கிறது. எந்த நாள் என்று பார்க்கவில்லை."
வெறுமைக்கு முந்தைய பக்கத்தில், அடக்கப் பதிவில்,
டோரோத்தேயா ரைன்டால்,
இரண்டு வயது மூன்று மாதம்.

குளிர்பெட்டியின் மோட்டார் நின்றது.
அதுவரை அது ஓடியதே தெரியாது.

"பிழைக்கோடு எவ்வளவு நீளம் போட?"
தைவோ என்னைத்தான் கேட்டான்,
நான் பொறியியல் என்பதால்.
எனக்குத் தெரியவில்லை என்றேன்.
மூன்று வருடத்தில் அந்தக் கட்டடத்தில்
நான் அதைச் சத்தமாகச் சொன்னது
முதல் தடவை.

அவன் புள்ளியை நீக்கவில்லை.
உள்ளே நிறம் எடுத்து வெற்று வட்டமாக விட்டான்.
அடிக்குறிப்பு இரண்டு வரி;
அதில் ஒரு காற்புள்ளிக்காக
பிரெத்தும் அவனும் சண்டை போட்டார்கள்.

அன்றிரவு என் மிதவையின் நிரலைத் திறந்தேன்.
ஒன்றும் கேட்காதபோதும்
சுழியம் என்று சொல்லும்படி
நான்தான் எழுதியிருந்தேன்.
நீர் உறையும் புள்ளியும் சுழியம்தானே.
அத்தனை நாளும் நான்
ஆறு உறைந்ததையும் கருவி செத்ததையும்
ஒரே எண்ணில் வாசித்திருக்கிறேன்.

திருத்தினேன்.
இனி ஒன்றும் இல்லையென்றால்
அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.

மணி இரண்டு.
சமையலறையிலிருந்து வாடை வந்தது.
யாரோ மீன் சூடாக்குகிறார்கள்.